"எப்படிம்மா அடிபட்டது?" – மருத்துவ மாணவர்கள் கேட்கப் பழக வேண்டிய கேள்வி



கையில் வீக்கத்தோடு வந்த பெண்ணிடம் டாக்டர், "எப்படிம்மா அடிபட்டது?" என்று கேட்கிறார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்று பக்கத்தில் நிற்கும் மாமியார் பதில் சொல்கிறார். டாக்டர் அதையே எழுதிக்கொள்கிறார். ஊசி, மாத்திரை, அடுத்த நோயாளி.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 18 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். அகில இந்திய அளவு 29.3 சதவீதம். வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் யாரிடமும் வாய் திறக்கவே இல்லை. இது எல்லாச் சமுதாயத்தாருக்கும் சேர்த்த கணக்கு. கோட்டைமேடும் கரும்புக்கடையும் குனியமுத்தூரும் மட்டும் இதற்கு விதிவிலக்கு என்று நினைக்க நமக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

காவல் நிலையத்துக்கும் ஜமாஅத்துக்கும் போகாத பெண் கூட, பிரசவத்துக்கும் பிள்ளையின் தடுப்பூசிக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் செய்வார். அங்கே இருப்பவருக்குக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று எம்.பி.பி.எஸ்., நர்சிங் என்று படிக்கிறார்கள். அவர்களுக்காகவும், நாளை அவர்கள் முன்னால் போய் உட்காரப் போகும் நம் பெண்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

இதில் வழிகாட்டியது மும்பை. பாந்த்ராவில் உள்ள மாநகராட்சியின் பாபா மருத்துவமனையில், 'சேஹத்' என்ற ஆய்வு நிறுவனமும் மாநகராட்சியும் சேர்ந்து 2000-2001இல் 'திலாசா' மையத்தைத் தொடங்கின. உர்தூ பேசும் நம் வீடுகளுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை: ஆறுதல், தைரியம். ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஆலோசகர் இருப்பார்; கட்டுப் போட வந்த பெண்ணை டாக்டரோ நர்ஸோ அங்கே அனுப்பி வைப்பார்கள். அனுப்ப வேண்டுமானால் முதலில் அவர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும் அல்லவா? அந்தப் பயிற்சிதான் மெல்ல மருத்துவக் கல்லூரிப் பாடத்துக்குள் போனது. பெண்நலம், சமுதாய மருத்துவம், தடயவியல், பொது மருத்துவம், மனநலம் என்ற ஐந்து துறைகளுக்கு எழுதப்பட்ட பாடங்களை மகாராஷ்டிரா சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் 2018இல் ஏற்றுக்கொண்டது. 2019 முதல் நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு நடத்தை, நெறிமுறை, நோயாளியிடம் பேசும் முறை தனிப்பாடமாகவே வைக்கப்பட்டுள்ளது. நம் கோவைக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் மனம் வைத்தால் இந்த விஷயத்தை அதற்குள் கொண்டுவர இடம் இருக்கிறது.

சரி, மாணவர் எதைப் பழக வேண்டும்? முதலில், பெண்ணைத் தனியாகப் பார்ப்பது. "பரிசோதனை செய்யணும், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்று உடன் வந்தவரிடம் சொன்னால் போதும்; எந்த மாமியாரும் அதற்குச் சண்டைக்கு வரமாட்டார். உர்தூ மட்டும் பேசும் பெண்ணுக்குக் கணவரையோ பத்து வயதுப் பிள்ளையையோ மொழிபெயர்க்க வைக்கக் கூடாது.

வருகிற எல்லோரிடமும் இதைக் கேட்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லவில்லை. சந்தேகம் எழும் இடத்தில் கேளுங்கள் என்றுதான் அதன் 2013ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. சொல்லும் கதைக்குப் பொருந்தாத காயம், ஆறியதும் ஆறாததுமாகப் பல காயங்கள், தாமதமாக வருவது, பரிசோதனையில் எதுவும் தெரியாத தீராத தலைவலி, தூக்கமின்மை, கர்ப்ப காலத்தில் வயிற்றில் அடி. கேட்டு, அவர் சொன்னால் செய்ய வேண்டியவற்றையும் அந்த நிறுவனம் சொல்கிறது: குறுக்கிடாமல் கேட்பது, என்ன தேவை என்று விசாரிப்பது, "நீங்க சொல்றதை நம்புறேன், இது உங்க தப்பில்லை" என்று உணர்த்துவது, இன்றிரவு வீட்டுக்குப் போனால் பாதுகாப்பா என்று பார்ப்பது, மேற்கொண்டு உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடுவது. "இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தீங்க?" என்ற ஒரு கேள்வி போதும், அந்தப் பெண் மறுபடி வாயே திறக்கமாட்டார்.

கழுத்தை நெரித்திருந்தால் வெளியே ஒரு தடயமும் இல்லாமல் இருக்கலாம். குரல் கம்மியிருக்கும், எச்சில் விழுங்க வலிக்கும், கண்ணில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். சில நாட்கள் கழித்தும் உயிருக்கு ஆபத்து வரலாம். "லேசாத்தான் கழுத்தைப் பிடிச்சார்" என்று வருபவரை அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

கொங்குப் பகுதி அவசரப் பிரிவுகளில் வேலை பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். சாணிப்பவுடர் விஷயமாகக் கொண்டுவரப்படும் பெண்களின் வயிறு கழுவப்படுகிறது, உயிர் காக்கப்படுகிறது, அல்ஹம்துலில்லாஹ். "தெரியாமல் குடித்துவிட்டார்" என்ற எழுத்தோடு அவர் திரும்பவும் அதே வீட்டுக்குப் போகிறார். ஏன் என்று தனியாகக் கேட்க ஐந்து நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை.

எழுத்து விஷயத்துக்கு வருவோம். விபத்துப் பதிவேட்டில், அதாவது நாம் 'ஏ.ஆர். காப்பி' என்கிறோமே அதில், பெண் சொன்னதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். 'தெரிந்த நபரால் தாக்கப்பட்டார்' என்பதற்கும் 'கணவர் கட்டையால் இடது முன்கையில் அடித்ததாகக் கூறுகிறார்' என்பதற்கும் நீதிமன்றத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. காயத்தின் இடம், அளவு, நிறம் எல்லாம் வேண்டும்.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ளது. எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். தலாக், குலா கேட்காமலேயே பாதுகாப்பு, இருப்பிடம், செலவுத்தொகை கோரலாம். புகார் பதிவாகவில்லை என்று காரணம் காட்டி ஆஸ்பத்திரி சிகிச்சையை மறுக்க முடியாது. மருத்துவ அறிக்கையின் நகலைப் பெண்ணுக்கு இலவசமாகத் தர வேண்டும். இந்த ஒன்றைக் கூட அறியாமல் வீடு கூட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்!

நம் மஹல்லாவில் கிளினிக் வைக்கப் போகும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு சொல். டாக்டரும் நோயாளியும் ஒரே ஜமாஅத். கணவர் ஜும்ஆவில் பக்கத்தில் நிற்பார். நல்லெண்ணத்தில் அவரிடம் "வீட்ல பார்த்து நடந்துக்குங்க" என்று சொல்லிவிடத் தோன்றும். செய்யாதீர்கள். டாக்டரிடம் சொன்னதற்காக அன்றிரவே அந்தப் பெண் மறுபடி அடி வாங்கலாம்.

ஜமாஅத் பெரியவர்களும் "ஸப்ர் செய்யுங்கள்" என்று அனுப்பும் முன் ஒன்றை நினைக்க வேண்டும். கணவர் அடித்து எலும்பு முறிந்த நிலையில் ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட வந்த செய்தி அபூதாவூதில் உள்ளது. பொறுத்துப் போ என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை. கணவரை அழைத்து, பிரியச் சொன்னார்கள்.

உதவிக்கு 24 மணி நேரமும் 181 உண்டு. 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், சட்டம், தற்காலிகத் தங்குமிடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 14416இல் பேசலாம். இந்த எண்களைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கையில் கொடுக்காதீர்கள். கைப்பையைச் சோதிக்கும் கணவர்கள் உண்டு. 181 மூன்றே இலக்கம்தான். இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தால் மனதில் நின்றுவிடும்.