சமகத்தில் ஒலிக்கும் எண்கள்

எமது ஆலயங்களிலே அபிஷேக வேளையில் சிவாச்சாரியார்கள் ஸ்ரீ ருத்ரமும் சமகமும் ஓதுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம். இவை கிருஷ்ண யஜுர் வேதத்தைச் சேர்ந்தவை. சமகம் 11 பகுதிகளைக் கொண்டது. வேண்டும் பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, “எனக்கும் ஆகுக” என்று இறைவனிடம் கேட்கும் முறையில் அது அமைந்துள்ளது. அதன் பதினோராவது பகுதியில் வேண்டப்படுவன எண்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

அங்கே முதலில் 1, 3, 5, 7 என ஒற்றை எண்கள் தொடங்கி 33 வரை வருகின்றன. அதன்பின் 4, 8, 12, 16 என நான்கு நான்காகக் கூடி 48 வரை செல்கின்றன. இவ்விரு வரிசைகளுக்கும் பெரியோர் பலவாறு தத்துவப் பொருள் கூறியுள்ளனர். அதனை அறிஞர்களிடம் கேட்டு அறிவோம். இக்கட்டுரையில், கணிதம் படிக்கும் எமது பிள்ளைகளுக்குப் பயன்படும் ஓர் உண்மையை மட்டும் நோக்குவோம்.

இரு வரிசைகளின் உறவு

அடுத்தடுத்து வரும் இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டிப் பாருங்கள்.

1 + 3 = 4
3 + 5 = 8
5 + 7 = 12
7 + 9 = 16

இவ்வாறே சென்றால் 23 + 25 = 48 ஆகின்றது. முதல் வரிசையிலுள்ள அயல் எண்களைச் சேர்க்க இரண்டாம் வரிசை முழுவதும் கிடைத்துவிடுகின்றது. இந்த நோக்கத்துடன்தான் மந்திரம் அமைந்தது என்று நாம் வாதிட வேண்டியதில்லை. ஆனால் இவ்வாறு ஏன் நிகழ்கின்றது என்பதை ஒவ்வொரு பிள்ளையும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

புளியங்கொட்டை சொல்லும் காரணம்

எமது ஊர்களிலே சிறுவர் கைக்குள் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு “ஒற்றையா, இரட்டையா?” என்று கேட்டு விளையாடுவர். அதே கொட்டைகளை எடுத்து 5 கொட்டைகளை ஒரு குவியலாகவும் 7 கொட்டைகளை இன்னொரு குவியலாகவும் வையுங்கள். பெரிய குவியலிலிருந்து ஒன்றை எடுத்துச் சிறிய குவியலில் போடுங்கள். இப்போது இரு குவியல்களிலும் 6 கொட்டைகள் உள்ளன. 6 இரட்டை எண். அதன் இரண்டு மடங்கு நான்கால் மீதியின்றி வகுபடும். அடுத்தடுத்த எந்த இரண்டு ஒற்றை எண்களுக்கும் நடுவில் ஓர் இரட்டை எண் இருப்பதால் இது ஒருபோதும் பிழைக்காது.

அடுத்தடுத்த இரட்டை எண்களில் நிலைமை வேறு. 6, 8 என இரு குவியல்கள் வைத்து ஒன்றை மாற்றினால் 7, 7 ஆகும். ஒற்றை எண்ணின் இரண்டு மடங்கை நான்கால் வகுத்தால் எப்போதும் 2 மீதி வரும். 6 + 8 = 14 என்பதில் இதனைக் காணலாம். ஆயினும் அவற்றைப் பெருக்கினால் 8 ஆல் மீதியின்றி வகுபடும். அவ்விரண்டில் ஒன்று நிச்சயமாக நான்கின் மடங்கு, மற்றையது இரண்டின் மடங்கு என்பதே காரணம். 6 × 8 = 48.

சதுரமாகும் ஒற்றை எண்கள்

ஒரு கொட்டையை வையுங்கள். அதன் ஒரு பக்கத்தையும் மேற்புறத்தையும் மூடி 3 கொட்டைகளை அடுக்குங்கள். அவ்வாறே அடுத்து 5, பின்பு 7 என அடுக்கிச் செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சதுரம் கிடைக்கும். 1 + 3 = 4, 1 + 3 + 5 = 9, 1 + 3 + 5 + 7 = 16. எத்தனை ஒற்றை எண்களைக் கூட்டினோமோ, அத்தொகையை அதனாலேயே பெருக்கினால் விடை வரும். சமகத்திலே 1 முதல் 33 வரை 17 ஒற்றை எண்கள் உள்ளன. எனவே அவற்றின் கூட்டுத்தொகை 17 × 17 = 289. ஒவ்வொன்றாகக் கூட்டிச் சரிபார்க்கலாம்.

ஒற்றை உயர்வா?

மூன்று, ஐந்து, ஏழு நிலைக் கோபுரம், கொலுப்படி, மொய்ப்பணம் என எதிலும் ஒற்றையே மங்கலம் என்பது எம்மவர் வழக்கம். பஞ்சபுராணம் ஐந்து, நாயன்மார் அறுபத்து மூவர் என்பனவும் ஒற்றையே. ஆனால் திருமுறைகள் 12, சிவாகமங்கள் 28, அர்ச்சனை நாமங்கள் 108 என்பன இரட்டை எண்களன்றோ? சமகமும் இரண்டு வரிசைகளையும் வேண்டுகின்றது. எனவே இரட்டை எண் என்றால் ஆகாது என்று பிள்ளைகளுக்குப் பயமூட்ட வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

“அடுத்தடுத்த இரண்டு ஒற்றை எண்களின் கூட்டுத்தொகை 56. அவை எவை?” என்று பரீட்சையிலே கேட்கலாம். காரணம் அறிந்த பிள்ளை 56இன் பாதி 28, அதன் இருபுறமும் 27, 29 என்று உடனே சொல்லும். “அடுத்தடுத்த இரண்டு இரட்டை எண்களின் கூட்டுத்தொகை 60 ஆகுமா?” என்றால், பாதி 30 இரட்டை எண்ணாதலால் ஆகாது என்றும் துணிந்து கூறும். சூத்திரத்தை மட்டும் மனனம் செய்த பிள்ளை, வினா சற்று மாறியவுடன் கலங்கிவிடும். அக்கலக்கமே நாளடைவில் “எனக்குக் கணக்கு வராது” என்ற எண்ணமாக வேரூன்றி, பிள்ளையின் மேற்படிப்புக்கே தடையாகின்றது.

இதனை நீக்கப் பெரிய படிப்போ பணச் செலவோ வேண்டாம். விளக்கேற்றி வணங்கிய பின் ஒரு பிடி புளியங்கொட்டையுடன் பிள்ளைக்குப் பக்கத்தில் அமர்ந்து, “ஏன்?” என்று அதனைக் கேட்க விடுங்கள். அடுத்த முறை அபிஷேகத்தில் சமகம் ஒலிக்கும்போது அந்த எண்களை நாமும் பிள்ளைகளும் விளங்கிக் கேட்க, எல்லாம்வல்ல எம்பெருமான் திருவருள் துணைநிற்பதாக.