யாரைப் பார்த்து வளர்வது? கிறிஸ்தவ இளையோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார்கள். அந்த ஊரில் வளரும் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குப் பக்தி என்பது தினமும் கண்ணில் படுகிற ஒன்று. ஆனால், "நீ யாரைப் போல வாழ ஆசைப்படுகிறாய்?" என்று கேட்டால், யூடியூபில் பார்த்த பிரசங்கியார் ஒருவரின் பெயர்தான் வருகிறது. அதைத் தாண்டித் தேட விரும்புகிறவர்களுக்கு இது.

முதலில் அளவுகோல்

தான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிற அளவுக்குத்தான் தன்னைப் பின்பற்றச் சொன்னார் பவுல். ஆகவே எந்த மனிதரும் முழு அளவுகோல் ஆக மாட்டார்.

மேடைக்குக் கீழே பாருங்கள்

ஒருவருடைய பேச்சுத் திறமையை ஒதுக்கி வையுங்கள். காணிக்கைப் பணத்துக்குக் கணக்குக் காட்டுகிறாரா? வீட்டு வேலை செய்பவரிடம் எப்படிப் பேசுகிறார்? வழிநடத்தியவர்களுடைய வாழ்க்கை எப்படி முடிந்தது என்று பார்க்கச் சொல்கிறது எபிரெயர் நிருபம். எனவே ஓட்டத்தை முடித்தவர்களிடமிருந்து தொடங்குவது நல்லது என்பேன்.

பக்கத்திலேயே தேடுங்கள்

திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் ஊழியராக இருந்த எஸ்தர் ஃபேரிங், 1917-இல் காந்தியின் ஆசிரமத்துக்குச் சென்று அவரைச் சந்தித்தார். மிஷனும் அரசும் முகம் சுளித்தன. அவர் மிஷனை விட்டார். இந்தியர்மேல் வைத்த அன்பை விடவில்லை.

வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 1954-இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. இளம் மருத்துவர், இனி என்ன என்று உடைந்துபோனார். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய கை அறுவை சிகிச்சையை அவருக்குக் காட்டினார் அறுவை சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைச் சக்கர நாற்காலியில் அமர்ந்து சீராக்கினார் மேரி. நடக்க முடியாதவர் அடுத்தவர் கையைத் திருப்பிக் கொடுத்தார்! பின்பு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) மறுவாழ்வுத் துறையைக் கட்டியெழுப்பினார். 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார். விருது இல்லாவிட்டாலும் அவரைத்தான் நான் முதலில் சொல்வேன். அவருடைய விசுவாசத்துக்கு அந்த நோயாளிகளின் விரல்களே சாட்சி.

குறைகளை மூடாதீர்கள்

தாவீதின் பாவத்தையும் பேதுருவின் மறுதலிப்பையும் வேதம் ஒளிக்கவில்லை. அந்தியோகியாவில் பேதுருவையே பவுல் முகத்துக்கு முன் கண்டித்தார். விழுந்து மனந்திரும்பியவரிடம் கற்கலாம். கேள்வி கேட்டாலே "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று மிரட்டுகிறவரைவிட்டு விலகுங்கள். இதில் தயவுதாட்சண்யமே வேண்டாம்.

ஒரு பழக்கம் போதும்

ஆளைத் தேர்ந்ததும் அவருடைய நடை, குரல், உடையைக் காப்பியடிக்க வேண்டாம். ஒரே ஒரு பழக்கத்தை எடுத்து ஒரு மாதம் செய்து பாருங்கள்: வாரம் ஒரு நோயாளியைப் போய்ப் பார்ப்பது, வாங்கிய கடனைச் சொன்ன நாளில் கொடுப்பது.

உயிரோடு இருக்கும் ஒருவரும் வேண்டும். தீமோத்தேயுவுக்குப் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் இருந்தார்கள். உங்கள் சபையிலும் பின்பெஞ்சில் ஒரு பாட்டி இருப்பார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரிடம் போங்கள். "கஷ்ட காலத்துல எப்படிப் பாட்டி ஜெபம் பண்ணீங்க?" என்று கேளுங்கள். அவசரப்படாமல் கேட்டுவிட்டு, அடுத்த வாரமும் போங்கள்.