கடலோர வீட்டில் ஒரு பழைய ரிவால்வர்

பழவேற்காட்டுக்கு வெடிமருந்து புதிதல்ல. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள்; பிறகு வெடிமருந்து தயாரித்துக் கப்பலேற்றவும் செய்தார்கள். ஆனால் இன்று இங்குள்ள லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு ரிவால்வரை வைத்திருப்பதென்றால் சட்டத்தோடும் உப்புக் காற்றோடும் சேர்ந்து வாழ வேண்டும். அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன ரிவால்வரைப் பெட்டியில் வைத்திருப்பவருக்கும், இறால் வியாபாரத்தில் ரொக்கத்தோடு அலைவதால் கனமில்லாத பழைய ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவருக்கும் இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

முதலில் லைசென்ஸ் வாங்குங்கள்; விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்ட கலெக்டருக்குப் போகும். உங்கள் ஊர் ஸ்டேஷன் கமிஷனர் எல்லைக்குள் இருந்தால் போலீஸ் கமிஷனருக்கு. போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் உண்டு. பயிற்சியை வெறும் காகிதமாக நினைக்காதீர்கள். குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் கண் தானாகப் போய் நிற்கும் பழக்கம் அங்கேதான் வரும்.

வீட்டில் பெரியவர் காலமாகிவிட்டாரா? துப்பாக்கியைத் தாமதமில்லாமல் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு விண்ணப்பியுங்கள். பெரியவர் உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி இருக்கிறது: அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ போதும் என்கின்றன 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள். என்னைக் கேட்டால் இதுவே நல்லது. இறப்புச் சான்றோடு அலைய வேண்டாம்; துப்பாக்கியின் கதையும் பழுதும் தெரிந்தவர் பக்கத்திலேயே இருப்பார்.

தனி ஆளிடம் வாங்கும்போது, விற்பவர் உங்கள் பெயர், முகவரியோடு கலெக்டருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே கை மாற வேண்டும். முன்பணம் வாங்கிக்கொண்டு ‘இப்பவே எடுத்துட்டுப் போங்க’ என்கிறவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

குழலில் பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள். பழைய ரிவால்வரில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். உலகப் போர்களில் பிரிட்டிஷ் அதிகாரிகள் இடுப்பில் இருந்த வெப்லி ரிவால்வர்கள் .455, .380 தோட்டாக்களைச் சுடுபவை. அந்தத் தோட்டா ஏறும் எந்த ரிவால்வரும் இங்கே தடைசெய்யப்பட்ட வகை. சாதாரண லைசென்ஸ் செல்லாது. 2019-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 2 முதல் 5 ஆண்டு சிறை. தடைசெய்யப்பட்ட வகை என்றால் 7 முதல் 14 ஆண்டு.

1950-களின் கோல்ட் கோப்ரா, ஸ்மித் அண்ட் வெஸன் ஏர்வெயிட் போன்ற ரிவால்வர்கள் அலுமினியச் சட்டம் போட்டவை. அதனால்தான் எடை குறைவு. அலுமினியம் எஃகைப்போல் அடி தாங்காது. தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, குழல் திருகி ஏறும் இடத்துக்குக் கீழே லென்ஸ் வைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் ஒன்று தெரிந்தாலும் வேண்டாம். சிலிண்டர் ஆடுகிறதா என்று ஆயுதம் பழுதுபார்க்கிறவரிடம் காட்டிக் கேளுங்கள். தனியார் இறக்குமதி 1980-களிலேயே நின்றுபோனதால், வெளிநாட்டுப் பெயருக்கென்றே விலையை ஏற்றுவார்கள். அந்தப் பணத்தைக் கொடுக்குமுன், 2014-ல் கான்பூரில் டைட்டானியம் கலவையில் வந்த நிர்பீக் ரிவால்வரைப் பாருங்கள். அரைக் கிலோ சொச்சம்தான். உதிரி பாகத்துக்கும் தவிக்க வேண்டியதில்லை.

உப்பைத் துடையுங்கள். கடற்காற்று பட்ட அலுமினியச் சட்டத்தில் எஃகுத் திருகுகளின் தலையைச் சுற்றி வெள்ளை மாவு பூக்கும்; அது அரிப்பின் தொடக்கம். வெளியே எடுத்துப்போய் வந்த ஒவ்வொரு நாளும் தோட்டாக்களை இறக்கி, உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவுங்கள். தோல் உறைக்குள் போட்டே வைத்துவிடாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பித்தளைத் தோட்டாவில் களிம்பு பச்சையாக ஏறும்.

லைசென்ஸ் எந்த எல்லைக்குச் செல்லும் என்று பாருங்கள். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் லைசென்ஸை வைத்துக்கொண்டு தடா, சூளூர்பேட்டைப் பக்கம் போனால் குற்றம். ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்தின் பக்கம் துப்பாக்கியோடு நெருங்கவே நெருங்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

பாடுத் தகராறுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஏரியில் யார் எந்த நாள் எங்கே வலை போடுவது என்பதைப் பாடு என்ற முறைப்படி பேசித் தீர்த்துவந்த ஊர்கள் இவை. ஊர்க்கூட்டத்தில் ஒரு இடுப்பில் ரிவால்வர் தெரிந்தால் அதோடு பேச்சு முடிந்தது. பிறகு தலைமுறைக்கும் பகை.

‘பழசுதானே, லைசென்ஸ் எதுக்கு’ என்று இருந்துவிடாதீர்கள். பழுதுபார்த்தாலும் சுட முடியாது என்கிற நிலையில் இருந்தால் மட்டுமே சட்டம் விலக்குத் தருகிறது.

வெளியே தெரியும்படி செருகாதீர்கள். பொது இடத்தில் உடம்போடு சேர்ந்த உறையில், முழுக்க மறைந்து இருக்க வேண்டும். கல்யாணம், திருவிழாவில் வானத்தை நோக்கிச் சுட்டு அடுத்தவர் உயிரோடு விளையாடினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தோட்டா நிரப்பிக் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் வீட்டில் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் தொண்டையில் பாய்ந்து குரலையே மாற்றியது. வெளியாள் யாரும் சண்டைக்கு வரவில்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் நடுவே ஒரு துப்பாக்கி, அவ்வளவுதான். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ரிவால்வர் ஒரு பூட்டில், தோட்டா வேறொரு பூட்டில். சாவி உங்களிடம் மட்டும்.

நிக்கல் முலாம் போடக் கொடுத்தால் வரிசை எண்ணைத் தேய்க்க விடாதீர்கள். எண் அழிந்த துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம்.

பறவைகள் பக்கம் குழலைத் திருப்பாதீர்கள். பூநாரையும் கூழைக்கடாவும் வந்து தங்கும் சரணாலயம் இந்த ஏரி. 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் பாயும்.

தேர்தல் அறிவிப்பு வந்து, ஒப்படைக்கச் சொன்ன பிறகு இழுத்தடிக்காதீர்கள். ரசீதை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

குடித்திருக்கும்போது தொடாதீர்கள். கடலுக்குப் போகும் ஃபைபர் படகிலும் வேண்டாம். அலையில் படகு தூக்கிப்போட்டு ரிவால்வர் தண்ணீருக்குள் போய்விட்டால், கிடைத்துவிடும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, புகார் நகலை லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்திலும் சேர்த்துவிடுங்கள்.