சரியும் மலையூர்



இந்தியாவின் வடகோடியில், உத்தராகண்ட் மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில் ஜோஷிமத் என்றோர் ஊர் உண்டு. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்தில், பனிமலைகள் சூழ்ந்த ஒரு சரிவின்மேல் அது அமைந்துள்ளது. கீழே தவுளிகங்கையும் அலக்நந்தாவும் கலக்கின்றன. பத்ரிநாத் செல்லும் அடியார்கள் இவ்வூர் வழியாகவே செல்வர். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இவ்வூரே என்று வைணவப் பெரியோர் கூறுவர். ஆதலின் தமிழருக்கும் இது முற்றிலும் அயலூர் அன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கு வாழ்ந்தோர் 17,000 பேருக்குச் சற்றுக் குறைவு.

இம்மக்கள் பல்லாண்டுகளாக ஒரே வேண்டுகோளை விடுத்து வந்தனர். தங்கள் மலைமீது மேலும் மேலும் சுமை ஏற்ற வேண்டா, அதன் வயிற்றைக் குடைய வேண்டா என்பதே அது. அவ்வாறு அவர்கள் கேட்டது ஏன் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பள்ளித் தோட்டத்து மண்ணையும் கூழாங்கற்களையும் கலந்து, ஒரு தட்டில் சரிவாகக் குவியுங்கள். உச்சியில் ஒரு செங்கல்லை வையுங்கள். குவியல் தாங்கும். இனி ஒரு குவளை நீரை மெல்ல மெல்ல மேலே ஊற்றுங்கள். மண் நீரைக் குடிக்கும். ஒன்றும் நிகழாதது போலவே இருக்கும். மேலும் ஊற்றுங்கள். செங்கல் சிறிது சாயும். இப்போது அடிவாரத்திலிருந்து இரண்டு மூன்று கற்களை உருவிவிடுங்கள். பிறகு நிகழ்வதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜோஷிமத் நிற்பது அத்தகைய குவியலின் மேல்தான். முன்னொரு காலத்தில் பெரிய மலைச்சரிவு ஒன்றில் விழுந்து குவிந்த மண்ணும் பாறைத் துண்டுகளுமே அவ்வூரின் நிலம். 1970களில் நிலம் தாழ்ந்து வீடுகளில் வெடிப்புகள் தோன்றவே, கார்வால் ஆணையர் மிஸ்ராவின் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. 1976இல் அக்குழு கூறியவை இவை: நிலத்தின் தாங்கும் ஆற்றலை ஆராயாமல் பெருங்கட்டடம் எழுப்பலாகாது, சரிவிலுள்ள பாறைகளைத் தோண்டவோ வெடிவைத்துத் தகர்க்கவோ கூடாது, மரங்களை வெட்டக்கூடாது, கழிவுநீரும் மழைநீரும் நிலத்துள் இறங்காதவாறு வடிகால் அமைக்க வேண்டும். செங்கல், நீர், அடிக்கற்கள் ஆகிய மூன்றும் இதனுள் அடங்கியிருப்பதைக் காண்க. நம் தோட்டத்திலும் மேட்டுக்காட்டில் பால்மரம் நடுமுன் படிவரிசை வெட்டி, கான் வெட்டி, மூடுபயிர் இடுவது இக்காரணம் பற்றியே.

அறிக்கை அரசிடம் இருந்தது. ஊரோ வளர்ந்துகொண்டே போனது. அடியார்களுக்கும், ஔலிப் பனிச்சரிவைக் காண வருவோர்க்கும் மாடிமேல் மாடியாக விடுதிகள் எழுந்தன. முறையான வடிகால் அமையவில்லை. அன்றாடக் கழிவுநீர் அந்தக் குவியலுக்குள்ளேயே இறங்கிற்று.

இதற்கிடையே தபோவன் விஷ்ணுகாட் நீர்மின் திட்டம் வந்தது. 520 மெகாவாட் மின்சாரத்திற்காக, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் தோண்டும் பணி மலைக்குள் தொடங்கியது. 2009 டிசம்பரில் துளையிடும் இயந்திரம் நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்றைத் துளைத்துவிட, நொடிக்கு 700 லிட்டருக்குக் குறையாமல் நீர் பீறிட்டது. ஊரின் நீரூற்றுகள் வற்றிவிடும் என்று மக்கள் அஞ்சினர்.

மின்சாரம் வேண்டா என்று எவர் சொல்வர்? இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டர் நின்றதும் மண்ணெண்ணெய் விளக்கில் பாடம் படித்த லயத்துப் பிள்ளை நான். அவ்வாறு சொல்ல என் நாவு எழாது. ஜோஷிமத் மக்களும் விளக்கை வெறுத்தவர் அல்லர். அரசே அமைத்த குழுவின் சொல்லைக் கடைப்பிடியுங்கள் என்றுதான் அவர்கள் கேட்டனர்.

2021ஆம் ஆண்டின் இறுதியில் வீடுகளில் மீண்டும் வெடிப்புகள் தென்பட்டன. மக்கள் ஊர்காக்கும் போராட்டக் குழுவாகத் திரண்டு மனு அளித்தனர், ஊர்வலம் சென்றனர், தாங்களே புவியியல் அறிஞர்களை வரவழைத்து நிலத்தை ஆராயச் செய்தனர். 2023 ஜனவரித் தொடக்கத்தில், ஓரிரவில், சரிவின் கீழ்ப்பகுதியில் சேற்றுநீர் பீறிட்டு வந்தது. 850க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பிளவுபட்டன. 2022 டிசம்பர் 27க்கும் ஜனவரி 8க்கும் இடைப்பட்ட 12 நாள்களில் நிலம் 5.4 சென்டிமீட்டர் தாழ்ந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. மக்கள் சாலையில் அமர்ந்தனர். அதன் பின்னரே கட்டுமானப் பணிகள் நிறுத்தப்பட்டன. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நின்ற இரு விடுதிகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பள்ளிக்கூடங்களிலும் விடுதி அறைகளிலும் தங்க நேர்ந்தது. சுரங்கம் இதற்குக் காரணமன்று என மின்நிறுவனம் மறுத்தது. மக்கள் அதனை ஏற்கவில்லை.

தவுளிகங்கை வழியே மேலே சென்றால் ரேணி என்னும் சிற்றூர் வரும். 1974 மார்ச் 26ஆம் நாள், ஆடவர் ஊரில் இல்லாத வேளையில், மரம் வெட்ட வந்தோரைக் கௌரா தேவி என்னும் அம்மையாரும் 27 பெண்களும் தடுத்து நிறுத்தியது அங்கேதான். அதன் பயனாக அப்பகுதியில் பத்தாண்டுகளுக்கு மரம் வெட்டத் தடை விதிக்கப்பட்டது. பின்னாளில் அவ்வூருக்கு அருகிலும் ஒரு நீர்மின் நிலையம் எழுந்தது. பாறைகளை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள் என்று 2019இல் ஊரார் உயர்நீதிமன்றம் வரை சென்றனர். 2021 பிப்ரவரி 7ஆம் நாள், மலையுச்சியிலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழ, பெருவெள்ளம் வந்தது. அதற்கு மின் நிலையத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் ஆற்றின் வழியில் பணிக்கு நிறுத்தப்பட்டிருந்தோர் பலர். இறந்தோரும் காணாமற்போனோரும் 200 பேருக்கு மேல்.

அதே ஆண்டு மழைக்காலத்தில் ரேணியின் சாலையும் சரிந்தது. புதிய சாலைக்கு இடம் வேண்டியிருந்தது. அங்கு நின்றிருந்த கௌரா தேவியின் சிலையைப் பெயர்த்து எடுத்துச் சென்றனர்.