டிராக் போட கீபோர்டு வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு

மயிலாப்பூரில் பாடுவதற்கு ஆள் பஞ்சமில்லை. அபார்ட்மென்ட் பொங்கல் விழா, அறுபதாம் கல்யாணம், ஆபீஸ் ஆண்டு விழா என்று மேடைக்கும் பஞ்சமில்லை. கூட வாசிக்க முழு ட்ரூப்தான் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் கொடுக்கக் கட்டாது. அதனால்தான் பாடுகிறவர் குரல் இல்லாமல் இசை மட்டும் இருக்கும் மைனஸ் ஒன் டிராக்கை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று தம்பி தங்கைகள் கிளம்புகிறார்கள். "சார், எந்த மாடல் வாங்கறது?" என்பதுதான் முதல் கேள்வி. மாடல் கடைசியில் வரட்டும். மேடைக்கு நல்ல கீபோர்டு வேறு, டிராக் போட நல்ல கீபோர்டு வேறு. இந்த வித்தியாசத்தைக் கடையில் பெரும்பாலும் யாரும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள்.

1. பாடப்போகிறவரின் கட்டை முதலில் தெரிய வேண்டும். ஒரு கட்டை என்றால் கீபோர்டில் ஸி, இரண்டு என்றால் டி, ஐந்து என்றால் ஜி. அசல் பாட்டின் சுருதியிலேயே டிராக்கை முடித்துவிட்டு, பாடுகிறவருக்கு எட்டவில்லை என்றதும் ஆடியோவை இரண்டு கட்டை இறக்கினால் வயலின் குழறும், டிரம்ஸ் தொளதொளக்கும். டிரான்ஸ்போஸ் பொத்தான் எல்லாவற்றிலும் இருக்கும். அதோடு அரைக் கட்டைக்கும் கீழே நுணுக்கமாக ஏற்றி இறக்கும் ட்யூனிங் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். டேப் ஓடிய வேகத்தால் பழைய பாட்டுகள் பல கொஞ்சம் ஏறியோ இறங்கியோ கிடக்கும். அவற்றோடு சேர்த்து வாசித்து நோட்ஸ் எடுக்கும்போது இந்த வசதியின் அருமை தெரியும்.

2. "அறுநூறு டோன், இருநூறு ரிதம்" என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைப் படிக்காதீர்கள். நீங்கள் தொடப்போவது பியானோ, ஸ்ட்ரிங்ஸ், பேஸ், ஃப்ளூட், பேட் என்று பத்துப் பன்னிரண்டு. அவற்றை மட்டும் கேளுங்கள். அதுவும் கீபோர்டின் சொந்த ஸ்பீக்கரில் வேண்டாம். வீட்டிலிருந்து நல்ல ஹெட்ஃபோன் கொண்டுபோய்ச் சொருகிக் கேளுங்கள். டிராக்கில் பதியப்போவது அந்த ஒலிதான், ஸ்பீக்கரின் ஒலி இல்லை. அண்ணா சாலை மியூசி மியூசிகல் 1842-லிருந்து இருக்கிற கடை. நின்று நிதானமாகக் கேட்க அந்த மாதிரி இடத்துக்குப் போங்கள். மாலையில் தி.நகர் கூட்டத்துக்கு நடுவே நின்று எந்த ஸ்ட்ரிங்ஸையும் தரம் பார்க்க முடியாது.

3. இது பெரிய விஷயம், பொறுமையாகப் படியுங்கள். ஒலி கீபோர்டைவிட்டு எப்படி வெளியே வருகிறது? பின்பக்கம் ஒரு யுஎஸ்பி சாக்கெட் இருக்கும். "கம்ப்யூட்டர்ல நேரா ரெக்கார்ட் பண்ணலாம்" என்பார்கள். பல கீபோர்டுகளில் அந்த வழியே போவது மிடி மட்டுமே. மிடியில் ஒலி கிடையாது. எந்தச் சாவி, எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்ற செய்திதான் போகும். அழுத்தத்துக்கு 127 படி. 1983-ல் வந்த ஏற்பாடு மிடி. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரும் சீக்வென்சரும் வைத்து இசையமைத்தது இதை நம்பித்தான். டிராக் போடுகிறவருக்கு மிடி ஒரு வரம்: தப்பான சுரத்தை மட்டும் எடுத்துத் திருத்தலாம், முதல் அறிவுரையில் சொன்ன கட்டை மாற்றத்தைப் பழுதில்லாமல் செய்யலாம். ஆனால் கீபோர்டில் நீங்கள் கேட்டு மயங்கிய அந்த ஃப்ளூட் கம்ப்யூட்டருக்குள் போகாது. அது வேண்டுமென்றால் யுஎஸ்பி வழியே ஆடியோவும் அனுப்பும் மாடல் தேவை. யமஹா பிஎஸ்ஆர்-இ373 போன்ற சின்ன கீபோர்டிலேயே அது உண்டு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். இல்லையென்றால் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று தனியாக வாங்கி, ஹெட்ஃபோன் அல்லது லைன் அவுட் ஜாக்கிலிருந்து ஸ்டீரியோவாக இழுக்க வேண்டும். போனை ஸ்பீக்கர் முன் வைத்துப் பதிகிற வேலை மட்டும் வேண்டாம். மின்விசிறிச் சத்தமும் கோயில் மணியும் சேர்ந்து வரும்.

4. சுரத்தை வழுக்கி ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் இல்லாத கீபோர்டை நம் பாட்டுக்கு வாங்காதீர்கள். கமகம் இல்லாமல் கல்யாணியும் கிடையாது, மெல்லிசை ஃப்ளூட் பிட்டும் கிடையாது. மேலே புகழ்ந்த இ373-இல் அது இல்லை. கேசியோ சிடி-எக்ஸ்700-இலும் இல்லை. அதற்கு அடுத்த 800-இல் உண்டு. கொஞ்சம் பணத்துக்காக இதை விட்டால் பிறகு சேர்க்க வழியே இல்லை. பெண்ட் சாதாரணமாக ஒரு முழுக் கட்டை ஏறும், ஒரு முழுக் கட்டை இறங்கும். அந்த அளவை மாற்ற முடிகிறதா என்றும் கேளுங்கள்.

5. ரிதம். மேற்கத்திய ஸ்டைல்களில் பெரும்பாலும் நாலுக்கு நாலு, மூன்றுக்கு நாலு, ஆறுக்கு எட்டுதான். ஆதி தாளத்துக்கும் திஸ்ர நடைக்கும் சமாளிக்கலாம். மிஸ்ர சாபுவில் ஒரு பாட்டு வந்தால் கை விரித்துவிடும். இந்தியாவுக்கென்றே வந்த யமஹா பிஎஸ்ஆர்-ஐ500, கேசியோ சிடி-எக்ஸ்9000ஐஎன் போன்றவற்றில் தபேலா, டோலக் வகையறா உண்டு. சொந்தமாக ஸ்டைல் அமைத்துச் சேமிக்க முடியுமா என்று பாருங்கள். இன்னொன்று சொல்வேன், பலருக்குப் பிடிக்காது: இந்த ஊரில் இருந்துகொண்டு கீபோர்டின் தபேலா ஒலியை நம்புவது அநியாயம். உங்கள் தெருவிலேயே மிருதங்கமோ தபேலாவோ வாசிக்கும் பிள்ளை இருப்பான். ஒரு மைக் வைத்து அவனைப் பதியுங்கள், உரிய சன்மானத்தைக் கையில் கொடுங்கள்.

6. சாவி 61 போதும். மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும் அழுத்தினால் பலமாகவும் ஒலிக்கும் டச் ரெஸ்பான்ஸ் கட்டாயம்.

7. ஒரே நேரத்தில் எத்தனை சுரம் ஒலிக்கும் என்று ஒரு கணக்கு போட்டிருப்பார்கள்: 48, 64, 128. ஒவ்வொரு வாத்தியமாக ஆடியோவில் பதிந்து அடுக்குகிறவருக்கு 48 தாராளம். எல்லா வாத்தியத்தையும் மிடியில் எழுதிக் கீபோர்டையே ஒரே மூச்சில் வாசிக்க விடுகிறவருக்கு அது போதாது. ஸ்ட்ரிங்ஸ் பாதியில் அறுந்துபோகும்.

8. செகண்ட் ஹேண்ட் தப்பில்லை. நம் பக்கம் கடல்காற்று. பெசன்ட் நகர், சாந்தோம் வீடுகளிலிருந்து வரும் கீபோர்டில் ஜாக் துருப்பிடித்திருக்கும். ஒவ்வொரு சாவியையும் கீழிருந்து மேல்வரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஏதாவது ஒன்று மட்டும் கத்தினால் உள்ளே ரப்பர் கான்டாக்டில் அழுக்கு. சுத்தம் செய்யலாம், ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்த கீபோர்டு என்றால் அடாப்டரின் எழுத்தைப் படிக்காமல் சொருகக் கூடாது. 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் 230-இல் சொருகிய நிமிடமே போய்விடும். நம் 230-க்கு ஏற்ற, கீபோர்டு கேட்கும் அதே வோல்ட்டும் அதே முனையும் உள்ள அடாப்டர் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

9. சந்தேகமிருந்தால் வாடகைக்கு எடுத்து ஒரு பாட்டு போட்டுப் பாருங்கள். கோடம்பாக்கத்துக்கு இது புதிதல்ல. 1976-இல் இசையமைப்பாளர் ஆர்.கே.சேகர் மறைந்தபின் அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் காலம் தள்ளியது. அந்த வீட்டுப் பிள்ளைதான் 1989-இல் பஞ்சதன் ஸ்டுடியோவைத் தொடங்கி, 1992-இல் 'ரோஜா'வோடு வெளிவந்த ஏ.ஆர்.ரகுமான்.

10. கம்ப்யூட்டரில் வாசித்தால் சுரம் தாமதமாகக் கேட்கிறது என்று கீபோர்டைத் திட்டுகிறவர்கள் உண்டு. குற்றம் பெரும்பாலும் சாஃப்ட்வேரின் பஃபர் அளவில். 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 என்று வைத்தால் அதற்கு மட்டுமே ஏறக்குறைய 12 மில்லிசெகண்ட். 128-க்கு இறக்கினால் மூன்று. வாசிக்கும்போது இறக்குங்கள், மிக்ஸ் செய்யும்போது ஏற்றுங்கள்.

11. வீட்டில் பாடிப் பழக டிராக் போடுவது வேறு, விற்பது வேறு. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 31சி பிரிவின்படி, கவர் பாட்டு வெளியிட உரிமையாளருக்கு முன்னறிவிப்பும் ராயல்டியும் தர வேண்டும். அசல் முதலில் பதிவான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகாமல் அதுவும் கூடாது. மேடையில் பாடுவதற்கும் உரிமைக் கேள்வி உண்டு. 2017-இல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கே இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது.

12. இப்போது மாடல். பெண்ட் சக்கரம், யுஎஸ்பி ஆடியோ அல்லது ஒழுங்கான லைன் அவுட், டச் ரெஸ்பான்ஸ் மூன்றும் இருப்பவற்றில் உங்கள் பட்ஜெட்டுக்குள் வருவதை வாங்குங்கள். கம்பெனிப் பெயரைப் பற்றிச் சண்டை வேண்டாம். வாங்கியபின் ஒரே ஒரு பாட்டை முன்னிசை முதல் முடிவு வரை முழுசாக முடித்துப் பாடுகிறவர் கையில் கொடுங்கள். மானிட்டர் ஸ்பீக்கர், இன்னொரு கீபோர்டு என்ற பேச்சையெல்லாம் அதற்கப்புறம் எடுங்கள்.