சும்மா ஒரு வருடம் இங்கே சேரலாமா?

கேள்வி: என் மகள் இந்த வருடம் ப்ளஸ் டூ எழுதுகிறாள். சின்ன வயதிலிருந்தே டென்னிஸ்தான்; ஐடிஎஃப் ஜூனியர் போட்டிகளில் ஆடுகிறாள். அமெரிக்காவில் ஸ்காலர்ஷிப்போடு படிக்க வைக்க ஆசை. "அவசரப்படாதீர்கள் சார், இங்கேயே ஒரு காலேஜில் பி.காம். போட்டுவிடுங்கள், அட்டெண்டன்ஸை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு வருடம் ஆடி ரேங்கிங்கை ஏற்றிக்கொண்டு போகலாம்" என்கிறார் கோச். ஒரு ஏஜென்ட், கிடைக்கிற ஸ்காலர்ஷிப்பில் பத்து சதவீதம் கேட்கிறார். ஓரிரு போட்டிகளில் பரிசுப் பணமும் வாங்கியிருக்கிறாள். இதனாலெல்லாம் ஏதாவது சிக்கல் வருமா? — ஒரு தந்தை, கோவை

பதில்: வரும். பரிசுப் பணத்தைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்படுகிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் உங்கள் கடிதத்தில் பெரிய ஆபத்து அந்த பி.காம். வரியில் இருக்கிறது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரும்பகுதி என்சிஏஏ என்ற அமைப்பின் கையில் உள்ளது. 1906இல் தொடங்கியது, தலைமையகம் இண்டியானாபொலிஸ். ஏறத்தாழ 1,100 கல்லூரிகள் அதில் மூன்று டிவிஷன்களாக இருக்கின்றன. முதல் இரண்டு டிவிஷன்களில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் உண்டு, மூன்றாவதில் கிடையாது. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் முதல் டிவிஷனில் ஆடினாலும் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவுவார்கள். இது தெரியாமல் ஐவி லீக் கோச்சுகளிடம் "ஃபுல் ஸ்காலர்ஷிப் உண்டா" என்று கேட்டு மெயில் அனுப்பும் பெற்றோர் நிறையப் பேர்.

முதல் டிவிஷனின் அடிப்படை விதி, ஐந்து வருடத்துக்குள் நான்கு சீசன். ஒரு மாணவர் ஏதாவது ஒரு கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்த நாளில் அந்த ஐந்து வருடக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். அது அமெரிக்கக் கல்லூரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கோவையில் பி.காம். சேர்ந்தாலும் ஓடும். வகுப்புக்குப் போகிறாளா, அட்டெண்டன்ஸை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் கணக்கில் வராது. ஆட்டோ மீட்டர் மாதிரி, வண்டி நின்றாலும் ஓடிக்கொண்டிருக்கும். அதோடு அந்தக் கல்லூரிக்காகப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஒரே ஒரு ஆட்டம் ஆடினால்கூட, நான்கு சீசனில் ஒன்று கழிந்ததாகக் கொள்வார்கள். பிறகு அவள் அமெரிக்காவுக்கு விண்ணப்பிப்பது புது மாணவியாக அல்ல, ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மாணவியாக. அதற்கான காகிதங்கள் தனி. இங்கே படித்ததில் எத்தனை கிரெடிட்டை ஏற்கிறார்கள் என்பது அந்தக் கல்லூரியின் விருப்பம்.

சரி, எந்தக் கல்லூரியிலும் சேராமல் ஒரு வருடம் போட்டிகள் மட்டும் ஆடினால்? மற்றப் பெரும்பாலான ஆட்டங்களில் பள்ளி முடித்த பிறகு ஒரு வருடம் இப்படிச் சுற்றலாம். டென்னிஸில் மட்டும் பல காலமாக ஆறு மாதம்தான் தந்து வந்திருக்கிறார்கள். அதைத் தாண்டி அதிகாரபூர்வப் போட்டிகளில் ஆடினால் ஒரு சீசன் கழியும். கல்லூரியில் சேர்ந்த பிறகும் முதல் வருடம் போட்டியில் இறங்காமல் உட்கார வேண்டிவரும். ஐரோப்பாவில் இரண்டு, மூன்று வருடம் தொழில்முறைப் போட்டிகளில் ஆடிவிட்டு இருபத்தொரு வயதில் வந்து பதினெட்டு வயதுக்காரர்களை வெளுத்துவாங்கியவர்களைத் தடுக்கக் கொண்டுவந்த விதி இது. ரேங்கிங்கை ஏற்றிக்கொள்ள இன்னும் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று நினைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது டிவிஷனில் கடிகாரம் வேறு மாதிரி. அங்கே வருடக் கணக்கு இல்லை, முழுநேரமாகப் படிக்கும் பத்து செமஸ்டர் கணக்கு. இடையில் விட்டுவிட்டால் கடிகாரமும் நிற்கும். எனவே ஏற்கெனவே இங்கே சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் கை கொடுக்கும். என்ஏஐஏ என்று தனி அமைப்பும் உண்டு, அதற்குத் தனி விதிகள். நம்மவர்கள் அதை இரண்டாம் தரம் என்று ஒதுக்குகிறார்கள். 2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான டேவிஸ் கோப்பையில் முதல்முறையாகக் களமிறங்கி வென்ற மதுரைக்காரர் தக்‌ஷிணேஸ்வர் சுரேஷ், அமெரிக்காவில் முதலில் ஆடியது என்ஏஐஏவைச் சேர்ந்த ஜார்ஜியா குவினெட் கல்லூரிக்கு. அங்கிருந்துதான் முதல் டிவிஷனில் உள்ள வேக் ஃபாரஸ்டுக்கு மாறினார். சென்னையில் வளர்ந்த சோம்தேவ் தேவ்வர்மன் நேராக வர்ஜீனியா பல்கலைக்கழகம் போய், 2007, 2008 இரண்டு வருடமும் என்சிஏஏ ஒற்றையர் பட்டம் வென்றார். இரண்டு வழியிலும் ஆள் மேலே வந்திருக்கிறார்கள்.

இனி பரிசுப் பணம். வாங்கியதே குற்றம் என்று இல்லை. போட்டிக்குப் போய்வந்த செலவு அளவுக்கு வாங்கலாம் என்பது பல காலமாக இருந்து வந்திருக்கும் பொது விதி. டென்னிஸுக்கு ஒரு சலுகை இருந்து வந்திருக்கிறது: கல்லூரியில் சேரும் முன், ஒரு காலண்டர் வருடத்தில் 10,000 டாலர் வரை, அதற்கு மேல் போனால் செலவு அளவுக்கு மட்டும். ஜூனியர் போட்டி ஆடும் நம் பிள்ளைகள் அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூடப் போவதில்லை. இருந்தாலும் விமானச் சீட்டு, ஹோட்டல் பில், நுழைவுக் கட்டண ரசீது, கோச்சுக்குக் கொடுத்த பணம் எல்லாவற்றையும் போட்டிவாரியாக ஃபைலில் போட்டு வையுங்கள். கேட்கும்போது "செலவாகிவிட்டது" என்று வாயால் சொன்னால் எடுபடாது. இந்த விதிக்கு எதிராக வட கரோலினா டென்னிஸ் வீராங்கனை ரீஸ் பிரான்ட்மையர் 2024இல் வழக்கே போட்டார். யுஎஸ் ஓப்பனில் ஆடிச் சம்பாதித்ததில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தவர் அவர். அமெரிக்கக் கால்பந்து கோச்சுகளுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம் கொடுக்கும் அமைப்பு, பதினேழு வயதுப் பெண்ணின் ஹோட்டல் பில்லைக் கூட்டிப் பார்ப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. நியாயம் இல்லாவிட்டாலும் விதி விதிதான், பில்லை வையுங்கள்.

ஏஜென்ட் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். வீடியோ எடுக்க, கோச்சுகளுக்கு அறிமுகம் செய்ய, ஃபார்ம் நிரப்ப என்று நிலையான கட்டணம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அது பரவாயில்லை. ஸ்காலர்ஷிப் கிடைத்தால் இவ்வளவு, அதில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தம் போட்டால் உங்கள் மகளின் தகுதிக்கே கேடு. அதே ஏஜென்ட் "லெட்டர் ஆஃப் இன்டென்ட் வாங்கித் தருகிறேன்" என்று சொன்னால் அவர் செய்தி படித்தே நாளாகிவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த முறையை 2024 அக்டோபரிலேயே எடுத்துவிட்டார்கள். இப்போது கல்லூரி நேரடியாகத் தரும் நிதியுதவி ஒப்பந்தம்தான். அதை வரி வரியாகப் படியுங்கள்: ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா, காயம் பட்டால் என்ன ஆகும், தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்தியா.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். இந்தச் செய்திகளைப் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள். உங்கள் மகள் போவது எஃப்-1 மாணவர் விசாவில். அந்த விசாவில் அனுமதியின்றி வேலை பார்க்கக் கூடாது. விளம்பரத்தில் நடித்து வாங்கும் பணம் வேலைக்கான கூலியாகக் கருதப்பட்டால் விசாவே போகும். என்சிஏஏ அனுமதித்தது என்பதால் குடியேற்றத் துறையும் அனுமதித்ததாக ஆகாது. அங்கே போய் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் எந்தக் கம்பெனிக்கும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று இப்போதே சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: என் தம்பி மகன் பத்தாம் வகுப்பு. 400 மீட்டர் ஓட்டத்தில் மாநில அளவில் மெடல் வாங்கியிருக்கிறான். அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்று இருக்கிறோம். ஓடுகிற பையன், எதற்கு வீண் பாரம் என்று ப்ளஸ் ஒன்னில் கணக்கு இல்லாத குரூப் எடுக்கச் சொல்கிறார் அவன் அப்பா. சரியா? — ஓர் அத்தை, மதுரை

பதில்: சரியில்லை அம்மா. சரியான நேரத்தில் கேட்டீர்கள்.

நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்றால் மார்க்கில் சலுகை என்று அர்த்தம் பழகிவிட்டது. அங்கே மார்க் இல்லாவிட்டால் ஓடவே விடமாட்டார்கள். முதல் இரண்டு டிவிஷன்களுக்கும் என்சிஏஏவின் தகுதி மையம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரைக்குமான மதிப்பெண் பட்டியலை வாங்கி எடைபோடும். பதினாறு அடிப்படைப் பாடங்கள் வேண்டும். முதல் டிவிஷனுக்கு அதில் ஆங்கிலம் நான்கு வருடம், கணக்கு மூன்று வருடம், அறிவியல் இரண்டு வருடம், சமூக அறிவியல் இரண்டு வருடம். மீதி இவற்றிலும் மொழிப் பாடங்கள் போன்றவற்றிலும் இருந்து வரலாம். சராசரி நான்குக்கு 2.3க்குக் குறையக் கூடாது. இரண்டாவது டிவிஷனில் 2.2. எஸ்ஏடி தேர்வு மதிப்பெண்ணை 2023இல் இந்தத் தகுதிக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். சில கல்லூரிகள் அட்மிஷனுக்குக் கேட்கலாம், அது வேறு.

இப்போது கூட்டிப் பாருங்கள். கணக்கை விட்டால் பையன் கையில் ஒன்பதாவதும் பத்தாவதும், இரண்டே வருடக் கணக்கு. கணக்குப்பதிவியல் கணக்காகாது, வணிகவியலும் பொதுவாக அடிப்படைப் பாடத்தில் சேராது. கணக்கு இருக்கிற குரூப்பாகப் பார்த்துச் சேருங்கள், பார்டரில் பாஸ் செய்தாலும் போதும் என்றும் விட்டுவிடாதீர்கள்.

அங்கே போன பிறகும் இது தொடரும். ஒவ்வொரு செமஸ்டரும் குறைந்தது 12 கிரெடிட் எடுத்திருக்க வேண்டும். கஷ்டமாக இருக்கிறதே என்று வியாழக்கிழமை ஒரு பாடத்தைக் கைவிட்டு 9க்கு இறங்கினால், சனிக்கிழமை ரேஸ் கிடையாது, பயிற்சியும் கிடையாது. முதல் டிவிஷனில் மூன்றாம் வருடம் தொடங்கும்போது பட்டத்தில் 40 சதவீதம், நான்காம் வருடம் 60, ஐந்தாம் வருடம் 80 முடித்திருக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டம் என்றால் 48, 72, 96. இதில் ஒரு கண்ணி உண்டு: எடுத்த கிரெடிட் எல்லாம் சேராது, அந்தப் பட்டத்துக்கு உரியவை மட்டுமே சேரும். இன்ஜினீயரிங்கில் இரண்டு வருடம் இருந்துவிட்டு எகனாமிக்ஸுக்கு மாறினால் பாதி கிரெடிட் காற்றில் போய், ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லாத பையன் தகுதியிழந்து நிற்பான். டெல்லித் தமிழர் வீட்டுப் பிள்ளை தேஜஸ்வின் சங்கர் கேன்சஸ் ஸ்டேட்டில் படித்தபடியே 2018, 2022 இரண்டு முறை என்சிஏஏ உயரம் தாண்டுதல் பட்டம் வென்றார் என்றால், இந்தக் கெடுக்களையும் தாண்டித்தான் வென்றார்.

விதிகள் எப்போதும் இப்படியே இருக்கும் என்றும் இல்லை. அமெரிக்கக் கால்பந்து வீரர் டியாகோ பாவியா, ஜூனியர் கல்லூரியில் ஆடியதை நான்கு சீசன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று நீதிமன்றம் போய் 2024 டிசம்பரில் தடையுத்தரவு வாங்கினார். அதைப் பார்த்து இன்னும் பலர் வழக்குப் போட்டிருக்கிறார்கள்; ஐந்துக்கு நான்கு என்ற விதியையே மாற்ற வேண்டும் என்ற பேச்சும் பலமாக நடக்கிறது. மாறினால் நல்லது. அதை நம்பி இன்றைக்குத் திட்டம் போடாதீர்கள். பையன் விண்ணப்பிக்கும் வருடத்தில் என்ன விதி என்பதை என்சிஏஏவின் இணையதளத்திலும், அந்தக் கல்லூரியில் விதிகளைக் கவனிக்கவென்றே இருக்கும் அதிகாரியிடமும் மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கோச் போனில் சொன்னது பிறகு செல்லாது.

ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைத்தான் எல்லா வீட்டிலும் தொலைத்துவிடுகிறார்கள். அதை இந்த வாரமே பள்ளியில் கேட்டு, முத்திரையோடு வாங்கி வைத்துவிடுங்கள்.