ஒருநாள் 50, மறுநாள் 100

"கடல் மீன் திண்டு வளர்ந்த எங்களுக்கு உந்தத் தைரொயிட் வருத்தம் எப்பிடி வரும்?"

கொக்கிளாயில் இப்படிக் கேட்பதில் பிழையில்லை. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் களப்பு. மீனோ இறாலோ வேகாத நாள் குறைவு. கழுத்தில் கழலை வந்தால் அயடீன் குறைவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அந்தக் காலத்துக்கு அது சரியான பாடம். இலங்கையில் கழலை மலிந்திருந்தது மழை கொட்டும் தென்மேற்கு ஈரவலயத்தில். வன்னிக் கரையில் அல்ல. 1995 இலிருந்து உணவு உப்பில் அயடீன் சேர்க்க வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது.

ஆனால் இன்று தைரொயிட் சுரப்பி மந்தமாவதற்கு முதற்காரணம் வேறு. உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே சொந்தச் சுரப்பியைத் தாக்கி மெல்ல மெல்ல அழிக்கிறது. யப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ 1912 இல் நான்கு நோயாளிகளின் சுரப்பிகளை ஆராய்ந்து இதை முதலில் எழுதினார். நோய்க்கு அவர் பெயர்தான். அந்த நால்வரும் பெண்கள். இன்றும் ஆண்களைவிடப் பெண்களுக்கே இது பல மடங்கு வருகிறது. மீன் இதைத் தடுக்காது. அயடீன் அளவு மிஞ்சினாலும் சுரப்பி கெடும்: அதே யப்பானில், கடற்பாசியை அளவில்லாமல் உண்ட ஹொக்கைடோ கரையோர மக்களுக்குக் கழலை வந்ததை 1960களில் கண்டுபிடித்தார்கள். ஆகவே வருத்தம் வந்தபின் அயடீன் மருந்தைத் தேடி வாங்கிக் குடிப்பது உதவாது, சிலருக்கு நிலைமையை மோசமாக்கும்.

"எங்கட உப்பு கடல் உப்புத்தானே, அதிலயே அயடீன் இருக்கே" என்பதும் சரியல்ல. கடல்நீர் காய்ந்து உப்பாகப் படியும்போது அதில் தங்கும் அயடீன் மிகச் சொற்பம். சமையலுக்கு அயடீன் சேர்த்த உப்புப் பைக்கற்றே வாங்குங்கள். மரவள்ளியையும் கோவாவையும் அடியோடு விடச் சொல்கிறவர்களும் உண்டு. அயடீன் போதாத ஊர்களில் மரவள்ளியையே நம்பி வாழ்ந்தவர்களுக்குக் கழலை கூடியது உண்மை. கொங்கோவில் அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அயடீன் உப்பும் மீனும் சாப்பிடும் வீட்டில் அவித்த மரவள்ளிக்கும் சம்பலுக்கும் தடை வேண்டியதில்லை.

இனி அளவு. "அவவுக்கு 100, எனக்கு 50. அப்ப எனக்கு வருத்தம் அரைவாசி." இல்லை. தைரொக்சின் குளிசை, சுரப்பி சுரக்க மறந்ததை ஈடுசெய்வது மட்டுமே. சுரப்பி முற்றாக நின்றுவிட்டால் உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். பாதி வேலைசெய்தால் அதற்கும் குறைவு. வயதானவர்களுக்கும் இருதய வருத்தக்காரருக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள், ஒரேயடியாகக் கொடுத்தால் இருதயம் தாங்காது என்பதற்காக. பக்கத்து வீட்டுக்காரியின் குளிசையை இரவல் வாங்கிப் போடுவது ஏன் ஆபத்து என்பது இதிலேயே விளங்கும்.

"ஒருநாள் 50, மறுநாள் 100 எண்டு எழுதித் தந்திருக்கினம். டொக்டருக்கே தெரியேல்லப் போல." தெரிந்துதான் எழுதியிருக்கிறார். தைரொக்சின் உடலை விட்டு மெதுவாகவே போகும். உள்ளே போனதில் பாதி கழிய ஏறத்தாழ ஒரு கிழமை. அதனால் 50 உம் 100 உம் மாறிமாறிப் போட்டால் உடலுக்கு அது நாளொன்றுக்கு 75 தான். 75 குளிசை கையில் இல்லாத இடத்தில் இது நல்ல கணக்கு. ஒருநாள் மறந்துபோனால் பயப்படத் தேவையில்லாததும் இதனால்தான்: நினைவு வந்ததும் போடலாம், அடுத்த நாள் இரண்டாகவும் போடலாம். "ரெண்டு கிழமையாப் போடுறன், ஒண்டும் தெரியேல்ல" என்று குளிசையை நிறுத்துகிறவர்களுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அளவை மாற்றியபின் ரி.எஸ்.எச். (சுரப்பி மந்தமானால் இரத்தத்தில் ஏறும் ஹோர்மோன்) நிலைகொள்ள 6 முதல் 8 கிழமை எடுக்கும். அதற்கு முன் எடுத்த இரத்தம் அரைகுறைக் கதையே சொல்லும். பட்டினி கிடந்துதான் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. அன்றைய குளிசையை மட்டும் இரத்தம் எடுத்தபின் போடுங்கள். நாயாறு, செம்மலை, அளம்பில் எல்லாம் தாண்டி மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வெறுவயிற்றோடு பஸ் ஏறுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

அளவு சரியாக இருந்தும் இரத்தத்தில் ஏறாமல் நிற்பவர்கள் பலர். அநேகமாக, குளிசையைப் போடும் விதத்தில்தான் பிழை இருக்கும். விடிய எழும்பியதும் பால் தேத்தண்ணியோடு விழுங்கினால் பாலிலுள்ள கல்சியம் மருந்தை உடலில் சேரவிடாது. தண்ணீரோடு மட்டும் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தேத்தண்ணியும் சாப்பாடும். விடியப்புறம் கரைவலைக்கு ஓடுகிறவருக்கு அது சரிவராவிட்டால், இராச்சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரத்தின் பின் படுக்கப் போகும்போது போடலாம். இரவுக் குளிசை காலைக் குளிசையைவிட நன்றாகவே ஏறியது என்று நெதர்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2010 இல் காட்டியது. இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியம் குளிசையும் நான்கு மணி நேரமாவது தள்ளி நிற்க வேண்டும். தாய்மார் கிளினிக்கில் மூன்றையும் கையில் தருவார்கள். மூன்றையும் ஒரே வாயில் போட்டுக்கொள்வதுதான் எங்கள் வழக்கம். திரிபோஷாவில் சோயா இருக்கிறது, அதுவும் மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடும். சாப்பிடாமல் விடாதீர்கள், பிந்திச் சாப்பிடுங்கள்.

வெப்பமும் ஒரு கள்ளன். தகரக் கூரையின் கீழே, அடுப்படிக்குப் பக்கத்தில், கடதாசி உறைக்குள் மாதக்கணக்காகக் கிடக்கும் தைரொக்சின் மெல்ல வீரியம் இழக்கும். வெளிச்சமும் ஈரமும் ஆகாது. இறுக்கி மூடும் போத்தலில் போட்டு, வீட்டில் குளிரான மூலையில் வையுங்கள். கம்பனி மாறிய குளிசை கிடைத்தால் நிறத்தைப் பார்த்து நிறுத்த வேண்டாம். கிளினிக் கொப்பியில் எழுதிக்கொண்டு, 6 கிழமையில் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

"இயற்கையான சுரப்பி மருந்துதான் நல்லது." 1891 இல் நியூகாசில் வைத்தியர் ஜோர்ஜ் மரே, ஆட்டின் தைரொயிட் சாற்றை ஊசியாக ஏற்றி 46 வயதுப் பெண் ஒருவரைத் தேற்றினார், அவர் அந்த மருந்தோடு இன்னும் 28 வருடம் வாழ்ந்தார். பெரிய சாதனை. ஆனால் சுரப்பிக்குச் சுரப்பி வீரியம் வேறுபடும். மைக்ரோகிராம் கணக்கில் அளந்து தரும் குளிசை கையிலிருக்க, அதற்குத் திரும்பிப் போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. "குளிசை போட்டால் மெலிவன்" என்ற நம்பிக்கையும் அளவோடு இருக்கட்டும். இந்த வருத்தத்தால் ஏறுவது பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து கிலோ, அதிலும் நீரும் உப்புமே கூட. மெலிவதற்காக அளவைக் கூட்டினால் எலும்பும் இருதயமும் அடிபடும்.

"பிள்ளைத்தாச்சி மருந்து குடிக்கக்கூடாது." இந்த ஒன்றை மட்டும் எவர் சொன்னாலும் கேட்காதீர்கள். முதல் மூன்று மாதமும் வயிற்றுப்பிள்ளை தாயின் தைரொயிட் ஹோர்மோனையே நம்பியிருக்கிறது. மூளை வளர்வதும் அதைக்கொண்டுதான். கர்ப்பம் தெரிந்தவுடன் தேவை கால்பங்குக்கு மேல் கூடும். கிழமைக்கு 7 குளிசை போட்டவர் 9 போட வேண்டிவரலாம். முதல் கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ உடனே சொல்லுங்கள்.

மறுபக்கம், அம்மம்மாவின் ரி.எஸ்.எச். 6 என்று வந்ததும் குளிசைக்கு அவசரப்படுகிறவர்கள். வயதோடு அந்த எண் சற்று ஏறுவது இயல்பு. 65 வயதைக் கடந்த, ரி.எஸ்.எச். சிறிதளவே கூடிய 737 பேரை வைத்துச் செய்த ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2017 இல் வந்தது: தைரொக்சின் போட்டவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் குளிசை போட்டவர்களுக்கும் களைப்பில் வித்தியாசம் இல்லை. எண் 10 ஐத் தாண்டினால் கதை வேறு. தாண்டாவிட்டால் இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொருமுறை இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குள் பலருக்கு அது தானாகவே இறங்கியிருக்கும்.